வெட்டாத முகமூடி

காணாமல்போன ஆளைத் தேடுகிறவர்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அடுத்தது பிணவறை. இரண்டையும் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, மூன்றாவதாக மேடம் வந்து நின்ற இடம் ஒரு பழைய புத்தகக் கடை.

"பிணவறையே தேவலை மேடம்," என்றான் ஆந்தை. "அங்க காத்தாவது வந்துச்சு."

ஆந்தை அவருடைய உதவியாள். ராத்திரி ஷிப்ட் வேலை ஒன்றைப் பாதியில் உதறிவிட்டு வந்தவன். வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பகலில் அவன் கண்கள் பாதிதான் திறக்கும். மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். செத்ததாகக் கணக்குக் காட்டியவர்களை உயிரோடு பிடித்துவருவது அப்போது அவர் வேலை. இப்போது பெரும்பாலும் நேரெதிர் வேலை.

கடை, இரண்டு கட்டடங்களுக்கு இடையில் மிச்சமான சந்துக்குக் கூரை போட்ட மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை புத்தகம். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். கடைசியில் ஒரு மர ஏணி, அதன் உச்சியில் பரணுக்குப் போகும் பலகைக் கதவு. எங்கோ ஒரு ரேடியோ காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"பதினேழாம் நம்பரா?" கடைக்காரர் இரண்டு ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டார். உருண்டையான, சிரித்த முகம். கோபமே வராதவர் என்று பார்த்தவுடன் நம்பத் தோன்றும். "மாஸ்டர்கிட்ட இருக்கு. வெட்டாத பிரதி. அது ஒண்ணுதாங்க பாக்கி."

மாஸ்டர் என்றால் ரிட்டையரான ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரும் அவருடைய காமிக்ஸும்தான். மூன்று நாளாக அவரைக் காணவில்லை. அந்தப் பதினேழாம் நம்பரையும் காணவில்லை. இதய நோய்க்கான மாத்திரை டப்பா மட்டும் சாப்பாட்டு மேஜையிலேயே இருந்தது. அதைத்தான் அவர் மகள் காலையில் மேடத்தின் கையில் கொடுத்து அழுதாள்.

"வெட்டாத பிரதின்னா?" என்றார் மேடம். ரேடியோவுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. "அதைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா?"

கடைக்காரர் மனசே இல்லாமல் கொஞ்சம் குறைத்தார். "சாம்பல் பருந்துன்னு ஒரு சூப்பர் ஹீரோ. வெளிநாட்டுல அவன் சிவப்பாம். இங்க மறுபதிப்புப் போட்டவர்கிட்ட கறுப்பு மை மட்டும்தான் இருந்துச்சு. அதனால சாம்பல் ஆயிட்டான். படத்தைப் பெருசாக்கி ஓரத்தை வெட்டிட்டதுல பக்க எண்கூட இருக்காது. பதினேழாம் நம்பர்ல வில்லன் தேள்முகனோட முகமூடியைக் கடைசிப் பக்கத்துல போட்டு, 'வெட்டி அணியவும்'னு புள்ளிக்கோடு போட்டுட்டாங்க."

"பசங்க சும்மா இருப்பாங்களா?" என்றான் ஆந்தை.

"ஊர்ல இருக்கிற அத்தனை கத்தரிக்கோலும் அன்னிக்கு வேலை செஞ்சுது. வெட்டாம வெச்சிருந்தது, இந்த மாஸ்டர் மாதிரி ஒண்ணு ரெண்டு பேர்தான்."

"நீங்களும் வெட்டினீங்களா?"

கடைக்காரரின் சிரிப்பு அங்கேயே இருந்தது, ஆனால் உள்ளே எதுவோ இறங்கிப்போனது. "எனக்குக் கிடைக்கவே இல்லங்க. பதினாறாம் நம்பர் என்கிட்ட இருந்துச்சு. 'தேள்முகன் யார்? அடுத்த இதழில்!' அப்படின்னு முடியும். அடுத்த இதழ் வர்றதுக்குள்ள நாங்க வீடு மாறிட்டோம். கடை வெச்சு இத்தனை வருஷம் ஆச்சு. எத்தனையோ வந்துச்சு, போச்சு. பதினேழு மட்டும் என் கைக்கு வந்ததே இல்ல."

"அப்போ தேள்முகன் யாருன்னே தெரியாதா?"

"கடைக்கு வர்றவங்க சொல்ல வருவாங்க. ரெண்டு காதையும் பொத்திக்குவேன். கதையைப் படிக்கணுங்க. அடுத்தவன் வாயால கேட்டா அது எச்சில்."

"பொண்ணு பார்க்கப் போனப்பகூட இவ்வளவு கட்டுப்பாடா இருந்திருக்க மாட்டீங்க அண்ணே," என்றான் ஆந்தை.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கை நீட்டி ரேடியோவைப் பழையபடி ஏற்றினார்.

"மாஸ்டர் கடைசியா இங்க எப்ப வந்தார்?"

"மாசக்கணக்காச்சு. மூட்டு வலி. போன் பண்ணினா உண்டு." கடைக்காரர் மேடத்தின் காதருகே குனிந்தார். "வக்கீல் ஒருத்தர் இருக்கார். சாம்பல் பருந்து முழு செட்டும் அவர்கிட்ட இருக்கு, பதினேழைத் தவிர. மாஸ்டரை அவர் கேட்காத நாள் இல்ல. என்னைக்காவது அந்த வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா? வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

*

வக்கீல் கதவைத் திறந்ததும் ஆந்தைக்கு முதலில் பட்டது, அந்த வீட்டில் எந்த வாசனையும் இல்லை என்பது. சமையல் வாசனை இல்லை, சோப்பு வாசனை இல்லை. பழைய காகிதம் இருக்கும் வீட்டில் பழைய காகித வாசனைகூட இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் வரலாம்." வக்கீல் உயரமாக, உலர்ந்து இருந்தார். கையில் வெள்ளைத் துணி உறை. கடைக்காரரைப் பார்த்து, "நீ நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நில்லு. உன் உடம்பெல்லாம் தூசி," என்றார்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே நின்றார். பழகிப்போன அவமானம்.

உள்ளறைக்கு இரும்புக் கதவு. ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மூலையில் ஈரத்தை உறிஞ்சும் மிஷின் ஒன்று, தூங்குகிறவன் மூச்சு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கச் சாம்பல் பருந்து. ஒவ்வொரு இதழும் கெட்டியான பிளாஸ்டிக் கட்டிக்குள். பக்கத்தைத் திறக்க வேண்டுமென்றால் ரம்பம் வேண்டும்.

"படிக்கிறதுக்கு எப்படி எடுப்பீங்க சார்?" என்றான் ஆந்தை.

"யார் படிக்கப் போறா?" என்றார் வக்கீல்.

பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன விளக்கு. வெட்டிவைத்த குழி மாதிரி இருந்தது அது. ஆள்தான் பாக்கி.

"மாஸ்டரைக் காணோம்," என்றார் மேடம் நேராக.

"கேள்விப்பட்டேன். பதினேழு?"

"அதையும் காணோம்."

வக்கீலின் முகத்தில் முதல்முறையாக வலி தெரிந்தது. மாஸ்டருக்காக அல்ல. "உறை போட்டிருந்தானா? மழை வருது."

"அவர் உயிரைப் பத்தி உங்களுக்குக் கவலை இல்லையா?"

"எனக்கும் அவனுக்கும் ஒரு வயசு. அவன் முன்னாடி போனா அது எனக்கு வரும், நான் முன்னாடி போனா என்னோடது எல்லாம் அவனுக்குப் போகும். எழுதியே வெச்சிருக்கோம். நாங்க ரெண்டு பேரும் காத்துக்கிட்டுத்தான் இருந்தோம்." கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார்.

"மூணு நாளைக்கு முன்னாடி சாயந்திரம் எங்க இருந்தீங்க?"

வக்கீல் சட்டைக்கையை மடித்தார். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. ஊசி குத்திக் குத்திக் கறுத்த தோல், அதன்மேல் புது பிளாஸ்திரி. "சிறுநீரகம் ரெண்டும் போச்சு. அன்னிக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரியில மிஷின்ல கட்டிப் போட்டிருந்தாங்க. நர்ஸைக் கேளுங்க. நான் போடுற சத்தத்துல என்னை மறந்திருக்க மாட்டா."

ஆந்தை மேடத்தைப் பார்த்தான். மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குக்குக் கீழே ஒரு சின்னச் சட்டம். அதற்குள் பழுப்பேறிய காகித முகமூடி. தேளின் கொடுக்கு நெற்றிக்கு மேல் வளைந்திருந்தது. வெட்டிய விளிம்பு கோணல்மாணல். கட்டும் நூல்கூட அப்படியே தொங்கியது.

"நான் வெட்டினது," என்றார் வக்கீல். "போட்டுக்கிட்டுத் தெருவுல ஓடினேன். ஒரு மத்தியானம். அதுக்கு இத்தனை வருஷ தண்டனை."

"கதை ஞாபகம் இருக்கா சார்?"

"மறக்குமா? சாம்பல் பருந்தும் அவன் சிநேகிதன் டாக்டரும் செஸ் ஆடுறாங்க. அதுதான் ஆரம்பம். டாக்டர் வேணும்னே தோத்துப்போறான். 'உன்னை ஜெயிக்க எனக்கு மனசு வரலை நண்பா' அப்படிங்கிறான். அப்புறம் கொலை, துரத்தல் எல்லாம். முடிவுல தேள்முகனைப் பிடிச்சு முகமூடியை இழுத்தா, உள்ள அந்த டாக்டர். அவ்வளவுதான் கதை."

மேடம் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். நிலைப்படியில் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கதவில், ஒரு கை சட்டைப் பைக்குள். முகத்தில் அதே சிரிப்பு.

"கிளம்பலாம்," என்றார் மேடம்.

*

மழை பிடித்துக்கொண்டது. கார் கண்ணாடியில் துடைப்பான் அழுதுகொண்டே போய்வந்தது. ஆந்தை ஓட்டினான். பக்கத்தில் மேடம் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் கடைக்காரர்.

"அந்த அறைக்குள்ள ஒரு நாள் இருந்தா நானே காமிக்ஸ் ஆயிடுவேன்," என்றான் ஆந்தை. "ஆனா செஞ்சது அவர் இல்லைன்னு ஆயிடுச்சே மேடம். மிஷின்ல கட்டிப் போட்ட மனுஷன் எப்படிக் கடத்துவான்?"

"ஆள் வெச்சுச் செய்ய மாட்டாரா?" என்றார் பின்சீட்டிலிருந்து கடைக்காரர்.

"ஆள் வெச்சா அந்த ஆள் கை புத்தகத்துல படுமே. வக்கீலுக்கு ஆகாது."

கடைக்காரர் சிரித்தார். பிறகு, கொஞ்சம் ஆதங்கத்தோடு, "அவருக்கும் வயசாயிடுச்சுங்க. கதையையே மாத்திச் சொல்றார். செஸ் ஆட்டம் ஆரம்பத்துல இல்ல, முடிவுல."

"அப்படியா?" மேடம் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுதாங்க அந்தக் கதையோட அழகே. ஆரம்பத்துலயே முகமூடியைக் கழட்டிக் காட்டிடுறாங்க, இவன்தான் தேள்முகன்னு. நமக்குத் தெரியும், பருந்துக்குத் தெரியாது. எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியில ரெண்டு பேரும் உட்கார்ந்து செஸ் ஆடுறாங்க. 'உன்னை ஜெயிக்க எனக்கு மனசு வரலை நண்பா.' அதோட முடிஞ்சுடும். யோசிச்சுப் பாருங்க. என்ன ஒரு முடிவு!"

அவர் குரல் கொஞ்சம் கரகரத்தது. ஆந்தைக்கே ஒரு மாதிரி இருந்தது. பிறகுதான் சந்தேகம் வந்தது. "யாராவது கதை சொன்னா காதைப் பொத்திக்குவேன்னீங்களே அண்ணே?"

பின்சீட்டில் கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "மாஸ்டர் ஒரு நாள் சொல்லிட்டார். போன்ல. பொத்துறதுக்குள்ள முக்கால்வாசி சொல்லி முடிச்சுட்டார் மனுஷன். அப்புறம் பொத்தி என்ன பிரயோஜனம்?"

நியாயம்தான் என்று ஆந்தை நினைத்தான். வக்கீல் வீட்டில் அவர் ஏன் காதைப் பொத்தவில்லை என்பதற்கும் அதுவே பதில். ஆந்தை கடைத்தெருவுக்குள் வண்டியைத் திருப்பினான். கடைக்காரர் இறங்கிக்கொள்வார், நாம் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்பது அவன் கணக்கு.

மேடமும் இறங்கினார்.

"மழை விடட்டும். உங்க கடையிலயே ஒதுங்கிக்கிறோம்," என்றார்.

*

ஷட்டரைத் தூக்கியதும் ரேடியோச் சத்தம் முகத்தில் அறைந்தது. பூட்டிய கடையில் ரேடியோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆந்தை அப்போதுதான் அதைக் கவனித்தான். பாதி மூடியிருந்த கண்கள் தாமாகவே முழுக்கத் திறந்துகொண்டன.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டிலிருந்து பழைய நோட்டீஸ்கள் நாலைந்தை உருவினார். எல்லாவற்றையும் ஒன்றாக நடுவில் மடித்தார். ஒரு சின்னப் புத்தகம் மாதிரி ஆயிற்று.

"மாஸ்டர் போன அன்னிக்குச் சாயந்திரம் அவர் பொண்ணுக்குப் போன் பண்ணியிருக்கார்," என்றார் மேடம். "'பதினேழாம் நம்பர்ல பின் துருப்பிடிச்சுத் தாளைத் தின்னுது. பழசைக் கழட்டிட்டுப் புதுசு அடிச்சேன். கண்ணு சரியாத் தெரியாம ஒரு தாளை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி மடிச்சு அடிச்சுட்டேம்மா. நாளைக்குப் பிரிச்சுச் சரி பண்ணணும். இப்போ ஒருத்தர் கூப்பிடுறார், போயிட்டு வந்து பேசுறேன்.' அவ்வளவுதான். அந்த ஒருத்தர் யாருன்னு அந்தப் பொண்ணு கேட்கலை. மூணு நாளா அதைச் சொல்லித்தான் அழறா."

கடைக்காரர் ஷட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மேடம் அந்த நோட்டீஸ் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மடித்தார். மறுபடி அதே இடத்தில் செருகினார். "இப்படி ஒரு தாள் திரும்பினா என்ன ஆகும்? முன்பாதியில இருந்த பக்கம் பின்பாதிக்குப் போகும். பின்னாடி இருந்தது முன்னாடி வரும். பக்க எண் கிடையாது. முடிவுக்குக் கிட்ட இருந்த முகமூடி கழட்டுற இடம் ஆரம்பத்துக்கு வந்துடும். ஆரம்பத்துல ஆடின செஸ் கடைசிக்குப் போயிடும்."

ஆந்தை கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

"வக்கீல் சொன்ன கதைதான் சரியான கதை. ஊர்ல அத்தனை பேரும் படிச்சது அதுதான். மாஸ்டர் இத்தனை வருஷமா படிச்சதும் அதுதான். போன்ல சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். நீங்க சொன்ன கதை உலகத்துல ஒரே ஒரு பிரதியிலதான் இருக்கு. அதுவும் அன்னிக்குச் சாயந்திரத்துல இருந்துதான் இருக்கு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். சிரித்தபடியே பின்னால் கை விட்டு, ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியை எடுத்தார். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. மழை வெளியே போயிற்று. ரேடியோ உள்ளே மாட்டிக்கொண்டது. ஒற்றை பல்பு வெளிச்சத்தில், கம்பியின் நுனி ஆந்தையின் முகத்துக்கு நேராக நின்றது.

"அண்ணே," என்றான் ஆந்தை. "தலையில அடிச்சீங்கன்னா பிரச்சினை இல்ல, அங்க ஒண்ணும் கிடையாது. கண்ணை மட்டும் விட்டுருங்க." குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

மேடம் எழுந்திருக்கக்கூட இல்லை. கை நீட்டி ரேடியோவை அணைத்தார்.

அந்த அமைதியில், மேலே, பலகைக்கு மேல், எதுவோ தரையைச் சுரண்டியது. நகத்தால் சுரண்டுகிற சத்தம். நின்றது. மறுபடி சுரண்டியது.

"நீங்க இன்னும் பதினேழாம் நம்பரைப் படிக்கலை," என்றார் மேடம் சாந்தமாக. "நீங்க படிச்சது தப்பா மடிச்ச தாளை. பின்னைக் கழட்டினா போதும். தாளைத் திருப்பி வெச்சா உண்மையான கதை. போய்ப் படிங்க. நாங்க எங்கேயும் ஓடப் போறதில்லை."

கம்பி அந்தரத்தில் நின்றது. கடைக்காரரின் கண்கள் மேடத்தைப் பார்த்தன. ஆந்தையைப் பார்த்தன. பிறகு மேலே போயின. அந்த முகத்தில் ஆந்தை பார்த்தது கோபம் அல்ல. பந்தியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தும் இலையில் எதுவும் விழாதவன் முகம்.

"செஸ் முதல்லயா?" என்றார்.

"முதல்ல."

கம்பி சிமெண்டுத் தரையில் விழுந்து குதித்தது. அவர் ஏணியில் ஏறினார். அவ்வளவு பருத்த உடம்பு அவ்வளவு வேகமாக ஏறும் என்று ஆந்தை நினைத்ததே இல்லை. மேடம் அவருடைய குதிகாலைத் தொட்டுவிடுகிற தூரத்தில் பின்னாலேயே ஏறினார். "ஆந்தை, கம்பியை எடுத்துக்கிட்டு வா. ஷட்டரைத் தூக்கிவிட்டுட்டு வா. ஆம்புலன்ஸும் போலீஸும் தெருமுனைக்கு வந்திருக்கணும், கார்ல இருக்கும்போதே சொல்லிட்டேன்."

பரணில் நிமிர்ந்து நிற்க முடியாது. தகரக் கூரைக்குள் அடைந்து கிடந்த புழுக்கம் தலைமுடி வழியாக இறங்கியது. மழையால்கூட அதைத் தணிக்க முடியவில்லை. காற்று என்று சொல்ல எதுவும் இல்லை. புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் மாஸ்டர் கிடந்தார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாயில் துணி, கைகள் முதுகுக்குப் பின்னால் கயிற்றில். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், பாதி தின்ற பன். ஒரு கைவிரல்கள் மட்டும் பலகையைச் சுரண்டிக்கொண்டே இருந்தன, யாரும் வராவிட்டாலும் சுரண்டுவோம் என்கிற மாதிரி.

மேடம் துணியை உருவினார். மாஸ்டரின் நெஞ்சு மீன் செவுள்போல அடித்துக்கொண்டது. உள்ளே போகக் காற்றுதான் இல்லை. மேடம் கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து ஒன்றை நாக்கடியில் வைத்தார்.

அவர்களுக்கு இரண்டு முழம் தள்ளி, கூரைத் தகரத்துக்கு நடுவில் பதித்த கண்ணாடித் துண்டு வழியாக வந்த வெளிச்சத்தில், கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பதினேழாம் நம்பர். நகத்தால் பின்னின் கால்களை நிமிர்த்தினார். பிரசவம் பார்க்கிறவள் கைபோல அந்தக் கை நிதானமாக வேலை செய்தது.

"நான் தள்ளலை," என்றார், நிமிராமல். "பழைய கட்டு ஒண்ணு வந்திருக்கு, பதினேழையும் எடுத்துட்டு வாங்க, ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு கூப்பிட்டேன். மேல ஏறினார். பை கையிலதான் இருந்துச்சு. உங்க எதிர்லயே உட்கார்ந்து ஒரு தடவை படிச்சுட்டுக் குடுத்துடுறேன்னேன். 'இன்னிக்கு வேணாம், நாளைக்குப் படி'ன்னார். நாளைக்காம். எத்தனை நாளைக்குங்க நான் பார்த்திருக்கேன்? பையை இழுத்தேன். அவர் விடலை. நான் விட்டேன். கட்டுங்க மேல மல்லாந்து விழுந்தார், கால் அடியில மாட்டிக்கிச்சு."

"தாள் தப்பா இருக்குன்னுதான் நாளைக்குன்னார்," என்றார் மேடம். "சரி பண்ணி, மறுநாள் கொண்டுவந்து குடுத்திருப்பார்."

கடைக்காரரின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு தாளைத் திருப்பி வைத்தன.

ஆந்தை அவர் பின்னால் கம்பியோடு மண்டியிட்டான். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மாஸ்டரின் மகள். அவன் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். "அக்கா, லைன்லயே இருங்க. கிடைச்சுட்டார்."

"உயிரோடயா?"

அவன் மாஸ்டரைப் பார்த்தான். உதடு நீலம். கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. "இருங்கக்கா," என்றான். வேறு எதுவும் சொல்லத் தைரியம் வரவில்லை.

கடைக்காரர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையன் மாதிரி. செஸ். கொலை. துரத்தல். முகமூடி. கடைசிப் பக்கத்தில் வெட்டாத தேள் முகம், புள்ளிக்கோடு கலையாமல். மூடினார். அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாதாரணக் கதையா இருக்கே," என்றார்.

மேடம் மாஸ்டரின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிநேகிதன்தான் வில்லன். எவன் வேணா எழுதுவான் இதை." அவர் குரல் உடைந்தது. "செஸ் கடைசியில வந்தாதாங்க நல்லா இருந்துச்சு..."

மாஸ்டரின் நெஞ்சு அடிப்பது நின்றது. மறுபடி ஒரு தடவை எகிறியது. மேடம் சுற்றிலும் பார்த்தார். கட்டுக் கட்டாகப் புத்தகம், எல்லாம் தடித்த அட்டை, கயிறு போட்டுக் கட்டியவை. அவர் கை நீட்டி, கடைக்காரர் மடியிலிருந்த பதினேழாம் நம்பரைப் பிடுங்கினார். முதுகுப் பக்கமாக நடுவில் மடக்கிப் பிடித்து, மாஸ்டரின் முகத்துக்கு நேராக வேகமாக விசிற ஆரம்பித்தார்.

"ஐயோ மேடம்!" கடைக்காரர் அலறினார். அந்தத் தகரமே அதிர்ந்தது. மூன்று நாளாக ஒரு மனிதன் சுரண்டுகிற சத்தத்தை ரேடியோவால் மூடியவர் போட்ட சத்தம் அது. "முதுகு உடையுது மேடம்! தாள் நொறுங்கிடும்! ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு!"

பாய்ந்தவரை ஆந்தை தோளோடு அழுத்தித் தரையில் சாய்த்தான். அவன் முழு எடையும் தேவைப்பட்டது. கீழே ஷூ சத்தங்கள், ஸ்ட்ரெச்சர் ஒன்று புத்தக அடுக்கில் இடிக்கிற சத்தம். மேடத்தின் கை நிற்கவில்லை. பழுப்புத் தாளின் ஓரங்கள் துண்டு துண்டாக உதிர்ந்து மாஸ்டரின் சட்டையில் விழுந்தன. அட்டை ஒரு பின்னிலிருந்து கழன்றது. தேள்முகம் நெற்றியிலிருந்து தாடைவரை இரண்டாகக் கிழிந்தது.

மாஸ்டர் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். நீளமாக, கிணற்றிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி. பிறகு இன்னொன்று.

போனில் மகள் கத்திக்கொண்டிருந்தாள். "என்ன சத்தம் அது? யாரு அழறது? அப்பாவா?"

"அப்பா இல்லக்கா," என்றான் ஆந்தை. "அப்பா மூச்சு விடுறார்."